'இறந்தவர்' என்ற கட்டம்

தகுதியில்லாதவர்களுக்குப் போன அரசுப் பணத்தை மீட்பதில் எங்கள் அதிகாரி காட்டிய வீரத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது நான் இராமநாதபுரத்தில் அவருடைய அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியலைத் தணிக்கைக்காரர்கள் துருவியெடுத்திருந்தார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள், கடலில் காலைக்கூட நனைக்காத கடைக்காரர்கள் என்று கண்டமேனிக்குப் பெயர்கள். அவர்களுக்காகப் பேச பெரிய இடத்திலிருந்து போன் வந்தது. அவர்களுடைய கோப்பு அடுக்கின் அடியில் போய்விட்டது. மிச்சமிருந்தவர்கள் மேல் பாய்வதற்கு மனுஷனுக்கு அப்படியொரு வேகம்.

தணிக்கைப் பட்டியலில் 'இறந்தவர்' என்ற கட்டத்தில் முதல் பெயர் அக்காள்மடத்து மீனவர் ஒருவருடையது. நாலு வருஷத்துக்கு முன்னால் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். படகு கவிழ்ந்து கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. உடம்பு கரைக்கு வராத வரை அவருக்கு மாதா கோயிலில் இறந்தவர் பூசை வைக்க அவர் மனைவி சம்மதிக்கவில்லை. தாலியையும் கழற்றவில்லை. ஒவ்வொரு வருஷமும் சரிபார்ப்பு வரும்போது அவருடைய மீனவர் அட்டையோடு வரிசையில் போய் நின்றிருக்கிறாள். பட்டியலிலிருந்து பெயரை எடுக்க விட்டால், தானே அவரைச் சாவுக்கு அனுப்பிவைத்தது மாதிரி ஆகிவிடும் என்று பயம். சரிபார்க்க வந்த மகராசனும் ஆள் எங்கே என்று கேட்காமலே டிக் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பணம் அவர் கணக்கில் விழுந்து, எடுக்க ஆளில்லாமல் கிடந்தது.

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச்சொல்லும் நோட்டீசை நான்தான் தட்டச்சு அடித்தேன். அதை எடுத்துக்கொண்டு அவள் பஸ் ஏறி வந்தாள். பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நியாயமாகத்தான் சொன்னாள். கணக்கு வைத்திருப்பவர் நேரில் வந்தால்தான் தருவோம் என்று பேங்கில் சொல்லிவிட்டார்களாம். அதெல்லாம் தனக்குத் தெரியாது, கருவாடு விற்றாவது கைக்காசில் கட்டு என்றார் எங்கள் அதிகாரி. செத்தவர் பெயரில் வாங்கியது திருட்டுக்குச் சமம் என்று வேறு உபதேசம். போன் வந்தபோது இந்த வாய் எங்கே போயிருந்தது?

அவள் அழவில்லை. என் இருக்கையிலிருந்து இரண்டு மேஜை தள்ளியிருந்த பிரிவைக் கையால் காட்டினாள். கடலில் மாண்டவர் குடும்பத்துக்குத் தரும் உதவித்தொகைக்கு அவள் மனுப் போட்டிருந்தது அங்கேதான். உடல் கிடைக்காததால் ஏழு வருஷம் போகாமல் அவரை இறந்தவர் என்று சொல்ல முடியாது என அந்த மேஜை அவளைத் திருப்பியனுப்பியிருந்தது.

"அங்கன கேட்டா உசுரோட இருக்காக. இங்கன வந்தா செத்துட்டாகளா சார்?" என்றாள்.

அது வேறு பிரிவு என்றார் அதிகாரி. அடடா, என்ன பதில்!

"சரி. செத்துட்டாகன்னு ஒரு தாள்ல எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் கோயில்ல பூசை வச்சுர்றேன். பணத்தையும் எப்பாடு பட்டாவது கட்டிர்றேன்."

முத்திரை கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டால் உதவித்தொகையைத் தரவேண்டி வருமே. நோட்டீசை வாங்கி என்னிடம் நீட்டி, 'இறந்தவர்' என்பதை எடுத்துவிட்டு 'தகுதியற்றவர்' என்று அடிக்கச் சொன்னார். இதற்கு மட்டும் மூளை எப்படி வேலை செய்தது! நானும் அடித்தேன். சம்பளம் வாங்குகிற கைதானே இதுவும். த்தூ.

புதுத் தாளை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். படிக்கத் தெரியாதாம்.

"அவுக செத்துட்டாகன்னு இதுல எழுதியிருக்காம்மா?"

"இல்லக்கா. அதை எடுத்தாச்சு."

அவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப அடுத்த தடைக்காலத்துக்கும் அவுக அட்டையை எடுத்துக்கிட்டு வாரேன்" என்றாள்.