கப்பல் நிற்கும் தீவும் ஒரு பாலைக் கொப்பும்

பேய், முனி, செய்வினை, இதொன்றையும் என் சீவியத்தில் நான் நம்பியதில்லை. முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக்க வாசித்துவிட்டு "கிழவனுக்கு வெயில் மண்டையில் ஏறிவிட்டது" என்றுதான் நீங்கள் சொல்லப்போகிறீர்கள், சொல்லுங்கோ, எனக்கு ஒன்றும் குறையாது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மலையகத் தோட்டத்தில் இருந்து ஏழு வயதில் அப்பாவோடு ஒரு பாயும் ஒரு பானையுமாய் வன்னிக்கு வந்தவன். வட்டக்கச்சியில் காடு வெட்டி, வயலாக்கி, சண்டையில் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி, திரும்பி வந்து முதலில் இருந்து தொடங்கி, இன்றைக்கு இரண்டு உழவு மெசினும் ஒரு வெட்டு மெசினும் அரிசி ஆலையும் வைத்திருக்கிறேன். எழுத்து எனக்கு நேராய் வராது, ஆனால் கிளிநொச்சியில் வங்கிக்குள் போனால் எழும்பிக் கதிரை தருகிறார்கள். எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. சாமி தந்தது என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

போன வருசம் கனடாவில் இருக்கிற என் ஒரே மகன் சுதன் எங்களைக் கூப்பிட்டு ஒரு கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தான். கரீபியன் கடலாம். அவன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், இங்கிருந்து நான், என் மனுசி பூமணி, அவளுடைய தமையன் சின்னராசா, ஆக ஏழு பேர். ஏழு நாள் பயணத்தில் ஒரு நாள் ஒரு சின்னத் தீவில் கப்பல் நிற்கும், பெயர் எனக்கு வாயில் வராது, எங்கள் நெடுந்தீவு அளவும் வராது என்று நினைக்கிறேன். காலமை எட்டுக்கு இறங்கினால் பின்னேரம் நாலுக்குள் ஏறிவிட வேண்டும், பிந்தினால் கப்பல் விட்டிட்டுப் போய்விடும். அந்த எட்டு மணித்தியாலத்தை எப்படிக் கழிப்பது என்பதை நான்தான் கையில் எடுத்தேன். நாற்பது பேரைப் பஸ்ஸில் கதிர்காமம் கொண்டுபோய் ஒரு ஆள் குறையாமல் கொண்டுவந்தவன், எனக்கு ஏழு பேர் ஒரு கணக்கே இல்லை.

சுதன் பிள்ளைகளோடு வீடியோவில் வந்து தீவின் படத்தை எங்கள் வீட்டு ரீவியில் விழுத்திக் காட்டினான். இறங்குதுறை, நாலு கடை, பிறகு முழுக்கப் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவால் தலைமயிர் மாதிரி ஒரு ஒற்றையடிப் பாதை, அதற்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாத வெள்ளைக் கடற்கரை.

"இதால நடந்து போறம்" என்றேன்.

"அப்பா, பஸ் இருக்கு. எல்லாரும் கரையால சுத்தி அதிலதான் போறவை."

"காடு காட்ட எனக்கு ஆள் வேணுமோடா? நான் வெட்டின காட்டில பத்தில ஒரு பங்கு வராது உந்தப் பத்தை."

பூமணி சிரித்தாள். சின்னராசா மச்சான் சிரிக்கவில்லை. அவன் எழும்பி வெளியே போய், வேலியோரம் நிற்கிற பாலை மரத்தில் கைக்கெட்டிய கொப்பொன்றை முறித்து, அதன் பட்டையையே நாராய் உரித்து, ரீவியின் மூலையில் கட்டித் தொங்கவிட்டான்.

இதை நீங்கள் அறியவேண்டும். வன்னியில் பழைய ஆட்கள் காட்டுக்குள் இறங்கமுதல், வாசலில் நிற்கிற முதல் மரத்தில் ஒரு பச்சைக் கொப்பை முறித்துத் தொங்கவிட்டு, "ஐயனே, வாறம், பத்திரமாய் வெளியில விடு" என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைப்பார்கள். நானும் மச்சானும் காடு வெட்டிய காலத்தில் அவன் ஒரு நாளும் தவறவிடவில்லை. நான் ஒரு நாளும் செய்ததில்லை. அவன் இடக்கையன், அவன் போடுகிற முடிச்சு மற்றவர்கள் போடுகிற பக்கத்துக்கு மாறித் திரும்பி நிற்கும், நூறு முடிச்சுக்குள்ளும் நான் அதைக் கண்டுபிடிப்பேன்.

"மச்சான், கடல் கடந்தும் விடமாட்டியோ? அங்க இருக்கிற சாமிக்குத் தமிழ் தெரியுமே?"

"கொப்புக்கு என்ன பாசை? ஆற்றையோ இடம். கேக்காமப் போறேல்லை."

"பிள்ளையளுக்கு முன்னால உந்தப் பட்டிக்காட்டுச் சேட்டையை விடு."

கொப்பை இழுத்து அறுத்து வெளியே ஆட்டுக்கு எறிந்தேன். ஆடு மணந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. மச்சான் அதை எடுக்கப் போனான், நான் பிடித்துத் தள்ளினேன், அவன் படியில் முகம் குப்புற விழுந்து கீழ்ச் சொண்டு, உதடு, வெடித்துவிட்டது. அவன் யார் தெரியுமோ? "தோட்டக்காட்டானுக்குப் பெண்ணோ" என்று தண்ணீரூற்று ஊர் முழுக்கத் தடியோடு நின்ற நாளில், தன் தங்கச்சியைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து எனக்குத் தந்தவன். இரத்தத்தை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னான்:

"இவ்வளவு வருசமும் உனக்கும் சேர்த்துத்தான் கட்டினனான். இனி நீயே கேள்."

மூன்றாம் நாள். நல்ல பகல், பத்தரை, பதினொரு மணி இருக்கும், வெயில் எரிக்கிறது. பூமணி விடிய வெள்ளாப்பிலேயே கிளிநொச்சிக்கு வெளிக்கிட்டுவிட்டாள், சந்தைக்கென்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் நான் தனிய. கொப்பி ஒன்றில் தீவு நாளுக்கு ஒழுங்கு எழுதிக்கொண்டிருந்தேன், யார் முன்னுக்கு நடக்கிறது, தண்ணி யார் காவுகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது. போனை ரீவி மேசையில் நிறுத்தி வைத்திருந்தேன், சுதன் இரவு வேலையின் இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தான். "கேக்கத் தேவையில்லை, நேரே உள்ள போறம்" என்று ஏதோவொரு பேச்சுக்குச் சொன்னேன், அந்தச் சொல் வாயில் இருக்கவே பிடரியில் முதல் அடி விழுந்தது.

பச்சைக் கொப்பால் அடித்தால் காற்றை வெட்டுகிற ஒரு சத்தம் வரும், விசுக் என்று. அதுதான். திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. இரண்டாவது அடி காதோடு. மூன்றாவது தோள் எலும்பில், அது முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் சும்மா அடி வாங்குகிற ஆள் இல்லை, கதிரையைத் தூக்கிச் சுழற்றினேன், அலுமாரிக் கண்ணாடி நொருங்கி என் கையிலேயே ஏறியது, ஆனால் கதிரைக்கு எதிரில் எதுவும் படவில்லை. அடியோ நிற்கவில்லை. முதுகில், விலாவில், முழங்கால் மடிப்பில், மாட்டை அடிக்கிற மாதிரி. வாய் முழுக்க இரத்தம், ஒரு பல்லை விழுங்கிவிட்டேன். பிறகு என் கணுக்காலைப் பிடித்தது. கைதான், ஐந்து விரலும் தெரிந்தது. சீமெந்து நிலத்தால் என்னை இழுத்துக்கொண்டு போய், மச்சானை நான் விழுத்திய அதே படியில் முகத்தைக் கொண்டுபோய் மோதிவிட்டு, விட்டது.

போனுக்குள் இருந்து சுதன் குழறுகிறான்: "விடுங்கோ மாமா! அப்பா சாகப்போறார், விடுங்கோ மாமா!"

நான் ஊர்ந்து போய்ப் போனை எடுத்தேன். "ஆரடா? ஆரைக் கண்டனீ?"

"மாமாதான் அப்பா! நீலச் சாரம், வெறும் மேல், கையில பெரிய கொப்பு! உங்களுக்குத் தெரியேல்லையோ?"

கண்ணுக்குள் இரத்தம் போனதால் நான் காணவில்லை என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். பெற்ற பிள்ளை கண்ணால் கண்டு சொல்கிறான், நம்பாமல் இருப்பேனோ? வலி எங்கே போனதோ தெரியாது. கோடரிப் பிடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, மச்சான் வீட்டு ஒழுங்கைக்குப் போனேன். சந்தியில் பஸ் வந்து நிற்கிறது, மச்சான் அதில் இருந்து இறங்குகிறான். வெள்ளைச் சேட்டு, நீளக் காற்சட்டை, கையில் ஒரு துணிப்பை. உடுப்பை மாற்றிவிட்டு நடிக்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது, பாருங்கோ. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அடித்தேன். அவன் தடுக்க இடக்கையைத் தூக்கினான், அந்தக் கையில் அடித்தேன், விழுந்தான், விழுந்த பிறகும் அடித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்து, "மச்சான், ஆரடா உன்னை இப்பிடிச் செய்தது?" என்று கேட்கிறான், கேட்கக் கேட்க அடிக்கிறேன்.

பஸ் படியில் இருந்து ஒரு கத்தல். பூமணி.

"இஞ்சாருங்கோ! அண்ணையை ஏன் அடிக்கிறியள்?"

"அவன் என்னைக் கொல்லப் பார்த்தவனடி! இப்ப, வீட்டில!"

"எந்த வீட்டில? காலமை ஆறு மணிக்கு நான்தானே அண்ணையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனான்! இவ்வளவு நேரமும் என்னோட கிளினிக் வாங்கில குந்தியிருந்தவர்! ரெண்டு பேரும் இப்பத்தானே இறங்குறம்!"

நான் விழுத்தினதில் வெடித்த சொண்டு சீழ் பிடித்து, அதற்கு மருந்து கட்டத்தான் போயிருக்கிறார்கள். எனக்குச் சொன்னால் கத்துவேன் என்று அவள் சொல்லவில்லை. பஸ்ஸுக்குள் இருந்த சனம் எல்லாம் ஓம், ஓம் என்கிறது. கோடரிப் பிடி கையில் இருந்து தானாய் விழுந்தது.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஓட்டோவில்தான் ஆசுப்பத்திரிக்கு ஏற்றினார்கள். மச்சானின் கை இரண்டு இடத்தில் முறிவு. எனக்குத் தோளும் மூன்று விலாவும். என் முதுகைப் பார்த்த தாதிப்பிள்ளை, "ஐயா, இலை இலையா அச்சு விழுந்திருக்கு" என்றாள். வீட்டுக்குள் கண்ணாடித் துண்டும் இரத்தமும்தான் கிடந்தது, பூமணி கூட்டி அள்ளும்போது ஒரு இலைகூட இருக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்து மச்சான், "அடிச்சவன் இடக்கையனோ மச்சான்?" என்று கேட்டான். காயம் எல்லாம் இடப்பக்கம். இடக்கையன் பின்னால் நின்று அடித்தால் அப்படித்தான் வருமோ, எப்படித்தான் வருமோ, எனக்கு யோசிக்கப் பிடிக்கவில்லை. "பேசாமப் படு" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இவ்வளவு வயதுக்கு நான் ஒருத்தரிடமும் கேட்டதில்லை.

இந்த உடம்போடு விமானம் ஏற விடமாட்டோம் என்றார்கள் டொக்டர்மார். பூமணியும் எங்களை விட்டிட்டுப் போக மாட்டேன் என்றாள். சுதன் தன் குடும்பத்தோடு மட்டும் கப்பல் ஏறினான். பத்தைப் பாதை வேண்டாம், பஸ்ஸிலேயே போ என்று நானே சொல்லியிருந்தேன்.

தீவில் கப்பல் நின்ற அன்று எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம், அங்கே காலமை. ரீவியில் அவன் வந்தான். மச்சான் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் இருக்கிறான். அவனை வரச்சொல்லி ஆள் விட்டது நான்.

"அப்பா, பிள்ளையள் கேக்கிறேல்லை, இந்தப் பாதையைக் காணவேணுமெண்டு நிக்கினம். வாசல்லதான் நிக்கிறம். ஒருக்கா இதைப் பாருங்கோ."

போனைத் திருப்பினான். பாதை வாசலில் முதல் மரம், பெயர் தெரியாத மரம். அதில் ஒரு கொப்பு தொங்குகிறது. சின்னச் சின்ன இலை, நுனியில் மெல்லிய பிளவு, முறித்த இடத்தில் வெள்ளையாய்ப் பால் வடிகிறது. பாலை. பட்டை நாரால் கட்டியிருக்கிறது. முடிச்சு மாறித் திரும்பி நிற்கிறது.

"ஆரப்பா இதைக் கட்டினது? நாங்கதான் முதல் ஆக்கள், முன்னுக்கு ஒருத்தரும் வரேல்லை."

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் இல்லை மச்சான்" என்றான், சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி.

"அப்பா, போகட்டோ? திரும்பட்டோ?"

பேரப்பிள்ளைகள் இரண்டும் அந்தக் கொப்புக்குக் கீழே நின்று எனக்குக் கை காட்டுகிறார்கள். போ என்று சொல்லி அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று நடந்தால்? திரும்பு என்று சொன்னால், பாதை உள்ளே வர விட்ட பிறகு மறுத்தவனாகி, அதற்கு ஒன்று வந்தால்? என் சீவியத்தில் முதல் தடவையாய் எனக்கு வழி சொல்லத் தெரியவில்லை. மச்சானின் நல்ல கையைப் பிடித்தேன்.

"நீ சொல்லு மச்சான். நான் பிழை விட்டிட்டன். நீ சொல்லு."

அவன் என் கையை விடாமல் ரீவியைப் பார்த்துச் சொன்னான்: "சுதன், செருப்பைக் கழட்டு. பிள்ளையளையும் கழட்டச் சொல்லு. வாறம் எண்டு கேட்டிட்டுப் போ. உன்ர அப்பாவுக்கும் சேர்த்துக் கேள்."

கேட்டுவிட்டுப் போனான். குளித்து விளையாடி மூன்று மணிக்கே கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள், பிள்ளைகளின் காலில் ஒரு முள்ளுக்கூடக் குத்தவில்லை. வரும்போது மரத்தில் கொப்பு இருக்கவில்லையாம், நாரும் இல்லையாம்.

இது கதை என்றால் இதோடு முடித்திருப்பேன். அடுத்த நாள் காலமை வேலியோரம் போனேன். மச்சான் முதலில் கீழ்க் கொப்பை முறித்த இடம், அது எப்பவோ காய்ந்து கறுத்து மூடிவிட்டது. அதற்கு மேலே, ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில், புதிதாய் ஒரு முறிவு. பச்சையாய், கையால் திருகி முறித்த மாதிரி.

பத்து மாதம் ஆகிறது. பாலை முறிந்தால் ஒரு நாள், இரண்டு நாள் பால் வடியும், பிறகு இறுகிவிடும், காடு வெட்டியவன் எனக்குத் தெரியாததோ. இது இறுகவில்லை. இந்தக் கொப்பியை எழுதமுதலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து இருந்தேன். அடியில் மண் ஈரமாய், வெள்ளையாய் இருக்கிறது.