ஒன்பது ஆலமரங்கள்

நில உச்சவரம்புச் சட்டம் வந்த சமயம். நான் சர்வேயர். நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டிய உபரி நிலத்தைக் கண்டறிய அளவெடுத்து முடித்து, கையெழுத்து வாங்க ஒரு மிராசுதார் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் அவர் போன்சாய் தோப்புக்குத் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார். சலவை வேட்டி, நகக்கண்ணில் மண். ஒவ்வொரு கிளையை நறுக்கிய பிறகும் எட்ட நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார்.

“எத்தனை மரம் தெரியுது சார்?”

சாண் உயர ஆலமரங்களை எண்ணினேன். “ஒன்பதுங்க.”

தோப்பை அப்படியே தட்டிலிருந்து தூக்கிக் காட்டினார். வேரெல்லாம் பின்னிப் பிணைந்து ஒரே பாயாக இருந்தது.

“அடியில ஒண்ணுதான். நீங்க மேல தெரியறதை எழுதிக்குங்க.”

அவர் நிலமும் ஒன்பது பேர் பெயரில்தான் இருந்தது. உபரி இல்லை என்று எழுதினேன்.

வாசலில், அளவெடுக்கையில் எனக்குச் சங்கிலி பிடித்த அவருடைய பண்ணையாள் காத்திருந்தார். “ஐயா, எங்களுக்குன்னு ஏதாச்சும் மிஞ்சுங்களா?”

ஒன்பது பெயரில் ஒன்று அந்தப் பண்ணையாளுடையது. அது அவருக்குத் தெரியாது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

மிராசுதாராவது எனக்கு வேரைத் தூக்கிக் காட்டினார்.