இன்னைக்கு இன்னா கொழம்பு?

1. சேர்ந்த அன்று

சுண்ணாம்புக் காளவாயில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி ஹனீபா பாய் என் படிப்பைக் கேட்கவில்லை. முன்னால் எங்கே வேலை செய்தேன் என்றும் கேட்கவில்லை. "வூட்ல இன்னைக்கு இன்னா கொழம்பு?" என்றார்.

மனிதர் பசியோடு இருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல பாய்" என்றேன்.

"ஒண்ணும் இல்லன்றது பதில் இல்ல தம்பி. பேரு சொல்லணும்."

"காரப்பொடி கொழம்பு."

"யாரு வெச்சது?"

"எங்க வூட்ல தான் பாய். கலா."

"ஆங், இதான் உன் மொத வேலை. உன் ஜோடி கஜா மேல இருந்து கேப்பான், நீ கீழ இருந்து சொல்லணும். நீ கேட்டா அவன் சொல்லணும். எவன் பதில் சொல்லலியோ, அவன இன்னொருத்தன் ஓடிப் போயி வெளிய இட்டாரணும். புரிஞ்சுதா?"

புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். எனக்குப் பொதுவாகவே பேச்சு என்றால் ஆகாது. எங்கள் ஊர் தோணிரேவில் படகில் போகும்போதும் வலைப் பக்கம் ஒதுங்கி உட்காருகிற ஆள் நான். வேலைக்கு வந்த இடத்தில் வீட்டுச் சமையலை ஊர் கேட்கக் கத்த வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

2. பாய் வீட்டுச் சட்டங்கள்

நிலக்கரிச் சுரங்கம் பற்றி டிவியில் காட்டும்போது பூமிக்குள் ரயில் போகிறது, தலையில் விளக்கு எரிகிறது. பாய் குடும்பத்தின் சுரங்கம் அப்படி இல்லை. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீர். அதற்கு அடியில் சேறு. சேற்றுக்கும் கீழே, எந்தக் காலத்திலோ செத்துப்போன சிப்பிகளின் ஓடு படுகை படுகையாகக் கிடக்கும். அதைத்தான் கிளிஞ்சல் என்கிறோம். காலால் துழாவி, மண்வெட்டியால் வாரி, கூடையில் அலசிப் படகில் ஏற்ற வேண்டும். கரைக்கு வந்ததும் கரியோடு சேர்த்துக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. அந்தக் காலத்தில் வீட்டுச் சுவருக்குப் போனது, பிற்பாடு எறால் குட்டைகளுக்குப் போனது. பாயின் தாத்தா தொடங்கிய தொழில் இது. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. பாய் சுரங்கம் என்றால் திருப்பாலைவனம் பஸ்ஸில் கண்டக்டருக்கே தெரியும்.

அந்தக் குடும்பத்துக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதல் சட்டம், தோண்டிய குழியை அன்றைக்கே மூடிவிட வேண்டும். ஏன் என்றால், ஏரியில் கையால் எறால் தடவுகிற பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்வார்கள். கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். முன்னால் ஒரு குழி இருந்தால் ஆள் அப்படியே உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் மழை வருகிறது என்று ஒரு குழியை மூடாமல் நாங்கள் கரையேறிவிட்டோம். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே படகில் ஏறினார். "நீங்க வரலன்னா நானே போயி தூத்துட்டு வரேன்" என்றார். முதலாளி சேறு வாரும்போது நாம் கரையில் நிற்க முடியுமா? திட்டிக்கொண்டே பின்னால் போனோம். பிறகு ஏரியில் தோண்டுவதையே நிறுத்திவிட்டு வெளியூர்க் கிளிஞ்சலை லாரியில் இறக்கத் தொடங்கியபோதும், கடைசிக் குழியை மூடிவிட்டுத்தான் கரையேறினோம்.

இரண்டாவது சட்டம்தான் குழம்பு. காளவாய் என்பது இரண்டு ஆள் உயரத்தில் கட்டிய உருண்டைக் கட்டடம். ஒருவன் மேலே நின்று ஒரு அடுக்கு கிளிஞ்சல், ஒரு அடுக்கு கரி என்று கொட்டுவான். இன்னொருவன் அடியில், கீழ்வாய்க் குழிக்குள் நின்று வெந்ததை இழுத்து வெளியே தள்ளுவான். ஒருவனுக்கு இன்னொருவன் முகம் தெரியாது. பாயின் சின்னத் தாத்தா ஒரு மழை நாளில் அந்தக் கீழ்வாயில் இருந்தபோது, மேலே இருந்த அண்ணன் "இருக்கியாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். தம்பியும் "ம்" சொல்லிக்கொண்டே இருந்தாராம். இறங்கிப் பார்த்தபோது ஆள் சரிந்து கிடந்திருக்கிறார். கரியிலிருந்து கிளம்புகிற விஷக் காற்றுக்கு வாசனை கிடையாது, அது ஆளைத் தூங்க வைத்தே கொண்டுபோய்விடும். "ம்" என்பதைப் பாதி செத்தவன்கூடச் சொல்லுவான், குழம்பின் பெயரைச் சொல்லப் புத்தி வேலை செய்ய வேண்டும் என்று அந்த அண்ணன் கண்டுபிடித்தார். தம்பியைக் கொடுத்துவிட்டுக் கண்டுபிடித்தார்.

3. பொய்க் குழம்பு

என் ஜோடி கஜேந்திரன், பசியாவரத்துக்காரன். வாயை மூட மாட்டான். அவனுக்கு என் வீட்டுக் குழம்பின் பெயர் மட்டும் போதாது. "மடவயா? மாங்கா போட்டாங்களா? யாரு வெச்சது, கலாவா, நீயா?" என்று மேலே இருந்து நோண்டுவான். நான் கலாவிடம் போய்ச் சொல்வேன். அவள் சிரிப்பாள். "அந்தாளுக்காகவாவது நாளைக்கு நல்லா வைக்கணும்" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி, காளவாயில் கஜா என்ன கேட்டான் என்பதுதான்.

கலா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். கீழ்வாயில் இறங்கி நின்றேன். மேலே இருந்து வெகு நேரம் கரி கொட்டுகிற ஓசை மட்டும் கேட்டது. கடைசியில் கஜா, "மச்சான், இன்னா கொழம்பு?" என்றான். யார் வைத்தது என்று கேட்கவில்லை. அன்றைக்கு நிறுத்தியவன்தான், அந்தப் பாதிக் கேள்வியை அதற்கப்புறம் வெகு காலம் அவன் கேட்கவே இல்லை.

"கெழங்கா மீனு கொழம்பு" என்றேன். பொய். அன்று நான் தின்றது டீக்கடை பன்.

அதிலிருந்து தினமும் பொய்தான். ஒரு நாள் நண்டு, ஒரு நாள் எறால், ஒரு நாள் சுறாப் புட்டு. வீட்டில் அடுப்பு எரியவே இல்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனால் சமையல் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்ப் படுத்துவிடுவேன். ஆனால் காளவாயில் மட்டும் என் வீட்டில் வகைவகையாகச் சமைத்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கேள்விக்காகவே வேலைக்குப் போனேன். உலகத்தில் என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் கஜா. அவனும் சட்டப்படி கேட்கிறான். இருந்தாலும் மச்சான் என்று கூப்பிட்டு யாரோ கேட்கிறார்களே என்று இருந்தது.

4. காற்று நின்ற மத்தியானம்

ஐப்பசி மழைக் காலம். கிளிஞ்சல் நனைந்து மேலே அடைத்துக்கொண்டது. கடல் காற்றும் நின்றுபோனது. புகை மேலே ஏறாமல் கீழ்வாய்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தலை லேசாக வலித்தது. கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று குழிக்குள்ளேயே சுவரில் சாய்ந்தேன். அதற்குப் பிறகு வலி இல்லை.

புளி கொதிக்கிற வாசனை வந்தது. வெந்தயம் தாளிக்கிற வாசனையும் வந்தது. கலா அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்து, கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எங்கேயோ தூரத்தில் கஜா கேட்டான், "மச்சான், இன்னா கொழம்பு?"

நான் தெளிவாகப் பதில் சொன்னேனாம். குரல்கூடக் குழறவில்லையாம்.

"மடவ கொழம்பு. கலா வெச்சா."

சட்டப்படி அது சரியான பதில். வேறு யாராக இருந்தாலும் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அடுத்த கூடையைக் கொட்டியிருப்பார்கள். கஜா கூடையை அப்படியே போட்டுவிட்டுக் குதித்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, என் அக்குளில் கை கொடுத்து, மழைக்குள் இழுத்துப் போட்டான்.

கண் விழித்ததும் நான் செய்த முதல் காரியம் அவனை அடித்தது. "ஏன்டா இட்டாந்த? சாப்புட உக்காந்தேன்டா!" என்று கத்தினேன். அவன் என் அடியை வாங்கிக்கொண்டு, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். கலா செத்தபோது வராத அழுகை அது.

5. பாய் சொன்னது

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு காளவாய்க்குப் போனேன். பாய் என் முகத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எத்திராஜ், உன்ன கீழ எறக்க மாட்டேன்."

"ஏன் பாய்? ஒடம்பு சரியாயிடுச்சி."

"கஜா எல்லாம் சொல்ட்டான். வூட்ல அடுப்பே எரியலயாமே. டீக்கடைல பன்ன துன்னுட்டு இங்க வந்து நண்டு, எறான்னு டபாய்ச்சினு இருந்திருக்க. எங்க தாத்தா தம்பியக் குட்த்துட்டு வெச்ச கேள்வி அது. அதுக்குப் போயி பொய் சொல்லுவியா நீ?"

"கஜா தெரிஞ்சே தான் கேட்டான் பாய்."

"தெரியும். அவன் மேலயும் கோவந்தான்." பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது போல, குரலை இறக்கினார். "போயி அடுப்ப பத்த வை. கஜாவக் கூப்ட்டு ஒரு வேள சோறு போடு. அப்பறம் வா. வேல எங்கியும் போவாது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. என் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேச இவர் யார் என்று வீட்டிலேயே கிடந்தேன். மத்தியானம் ஆனால் காளவாய்ப் புகை தெரியும். யாரும் எதுவும் கேட்காத வீடு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் ஏரிக்கரைக்குப் போய் மடவை வாங்கிவந்தேன். கலாவின் சட்டியைக் கழுவுவதற்கே தைரியம் வேண்டியிருந்தது. புளி அதிகமாகிவிட்டது, மீன் உடைந்துபோனது.

கஜா வந்தான். ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தான். "இன்னா மச்சான் இது, கலீஜா கீது" என்றான். ஆனாலும் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் நான் கீழ்வாயில் இறங்கி நின்றபோது மேலே இருந்து கேட்டான்.

"மச்சான், இன்னா கொழம்பு?"

"நேத்து வெச்ச மடவ தான்."

"யாரு வெச்சது?"

அந்தப் பாதியை அவன் மறுபடி கேட்டுவிட்டான். "நான் தான்" என்று கத்தினேன்.

6. இப்போது

நான் வேலையை விட்டாயிற்று. காளவாயை இப்போது பாயின் மகள் பார்க்கிறார். கீழ்வாயில் புகை சேர்ந்தால் கத்துகிற மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறார். நல்ல மிஷின், அன்றைக்கு இருந்திருந்தால் எனக்கு முன்னாலேயே கத்தியிருக்கும். ஆனாலும் கேள்வியை அவர் நிறுத்தவில்லை. ஒரிசாவிலிருந்து வந்த பையன்கள் மேலேயும் கீழேயும் நின்று "டால்மா", "ஆலு" என்று பதில் கத்துகிறார்களாம்.

ஜோடியாக வேலை செய்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு. பக்கத்தில் நிற்பவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றியது கேள்வி மட்டும் இல்லை. கலா இல்லை என்பது கேட்டவனுக்குத் தெரிந்திருந்தது.

கஜா மீஞ்சூரில் மகள் வீட்டோடு போய்விட்டான். எப்போதாவது போன் செய்கிறான். முட்டி வலியைப் பற்றிப் பேசுகிறான், பேரன் படிப்பைப் பற்றிப் பேசுகிறான், வைத்துவிடுகிறான். அந்தக் கேள்வி அவனுக்குக் காளவாயோடு முடிந்துவிட்டது போலிருக்கிறது. நானாகச் சொல்லவும் வாய் வருவதில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்க் குழம்பு.

ஆனால் தினமும் மத்தியானம் அடுப்பைப் பற்றவைக்கிறேன். யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும் அல்லவா? இன்றைக்குக் கெழங்கா. நான்தான் வைத்தேன்.