சட்டையோடு போன சிம்

பெரியபட்டினத்துக் கடல் காற்றில் எங்கள் கம்ப்யூட்டர் துருப்பிடித்து நின்றுவிட்டது. புதியது வாங்கினேன். பழையதில் இருந்த ஓ.எஸ்., அதன் லைசென்ஸ், படங்கள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றித்தரச் சொல்லி ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன்.

"அக்கா, எல்லாம் அண்ணன் கணக்குல பூட்டியிருக்கு. பாஸ்வேர்டு தெரியலைன்னா, அவுக நம்பருக்கு வார ஓடிபி இருந்தாத்தான் திறக்கும்" என்றார் கடைக்காரர்.

என் கணவர் மௌத்தாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அவருடைய சட்டைகளை ஏழைகளுக்குக் கொடுத்தபோது, சிம்மைக்கூடக் கழற்றாமல் போனையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். கடையில் நின்றபடியே அந்த எண்ணுக்கு அழைத்தேன். உபயோகத்தில் இல்லை என்றது.

புது லைசென்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். கடைசியாக லீவில் ஊருக்கு வந்தபோது அவர் எடுத்த படங்கள் பழைய டிஸ்க்கிலேயே பூட்டிக் கிடக்கின்றன.

இப்போது என் பாஸ்வேர்டை எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். மகளிடமும் சொல்லிவிட்டேன். அவருடையதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.