நச்சுக்கழிவு வண்டிக்குப் போன ரீஸ்லிங்

1. பன்னிரண்டிலும் அதே மணம்

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் நான் வேலை செய்த வைன் பண்ணையின் குசினியில் நின்று, பண்ணையின் மிகப் பெறுமதியான பன்னிரண்டு போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்தேன். பன்னிரண்டிலும் மண்ணெண்ணெய் மணத்தது.

அது 2005 ஜூன் மாதம். கெல்சென்கிர்ச்சனில் அலுவலகங்கள் துடைத்துக்கொண்டிருந்த நான், கணவருக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்ததால் இடம் மாறி, இந்தப் பண்ணையில் குசினி உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் ப்ரோபெட்சைட். அதாவது அந்த ஆறு மாதத்துக்குள் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். திங்கட்கிழமையோடு அது முடிகிறது. நிரந்தர ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் வதிவிட அனுமதிக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போடலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். ஆகவே அந்த வார இறுதியில் ஒரு கரண்டிகூடக் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தேன்.

கொலோனிலிருந்து ஒரு வைன் வியாபாரி அம்மா தன் வாடிக்கையாளர் இருபது பேரோடு அன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். செஃபும் அவர் மனைவி ஹில்டேயும் அவர்களைத் திராட்சைத் தோட்டம் காட்ட அழைத்துப் போய்விட்டார்கள். செஃப் என்றால் சமையல்காரர் அல்ல, டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவது. போகும்போது ஹில்டே சொன்னார். டொச்சில் சொன்னதைத்தான் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன், அவர் மன்னிக்கவேண்டும்.

"ஜெசிந்தா, அந்தத் தொண்ணூறாம் ஆண்டு ரீஸ்லிங் பன்னிரண்டையும் திறந்து வையுங்கோ. ஒவ்வொண்டையும் மணந்து பாருங்கோ. கூடாத மணம் வந்தா மேசைக்குக் கொண்டு வராதைங்கோ."

கூடாத மணம் என்று அவர் எனக்குக் கற்பித்திருந்தது ஒன்றே ஒன்று. தக்கை கெட்டுப்போனால் வரும் நனைந்த அட்டைப்பெட்டி மணம். மண்ணெண்ணெயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2. மதியப் பெட்டியும் செஃபின் ஆராய்ச்சியும்

நான் ஒன்றும் தெரியாமல் பயந்த ஆள் அல்ல, கொஞ்சம் தெரிந்துகொண்டு பயந்த ஆள். அதனால் அந்த ஆறு மாதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும்.

வேலைக்கு வந்தபோது வைன் என்றால் எனக்குப் பூசையில் பாதர் குடிப்பது. மோசலில் ஏணி வைத்து ஏறவேண்டியது போன்ற சரிவுகளில் திராட்சை வளர்க்கிறார்கள். நிலம் முழுக்கப் பள்ளிக்கூடச் சிலேட்டை உடைத்துக் கொட்டியதுபோல் கறுப்புக் கல். பகலில் அது சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கும். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைக்கு அந்தக் கல் இல்லாமல் சரிவராது என்று செஃப் நாளுக்கு மூன்று தடவை சொல்வார். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கல்லில் என் சப்பாத்து ஒரு மாதம்கூடத் தாங்காது என்பதுதான்.

செஃபுக்கு என் மதியப் பெட்டியில் ஒரு கண். நான் மூடியைத் திறந்தால் அவர் மூன்று கிளாசோடு வந்து எதிரே உட்காருவார். இறால் பொரியலுக்கு இனிப்பில்லாத ரீஸ்லிங் நன்றாகப் போனது. மீன்குழம்போடு சிவப்பு வைன் குடித்த அன்று, ஆணியை நக்கியதுபோல் இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். என் ஆட்டிறைச்சி றோல்ஸுக்கு, மெல்லிய இனிப்பும் குறைந்த மதுவும் உள்ள கபினெட் ரீஸ்லிங். அதைக் கண்டுபிடித்த அன்று மனிதர் மேசையைத் தட்டினார்.

"காரம் ஏற ஏற வைன் இறக்குது. வைன் இறக்க இறக்கக் காரம் கேக்குது. இதுக்கு முடிவே இல்லை."

அதனால்தான் அன்றைய சாப்பாட்டில் புகையூட்டிய ட்ரௌட் மீனுக்கும் வாத்துப் பொரியலுக்கும் நடுவே என் றோல்ஸுக்கும் இடம் கிடைத்தது. அறுபது றோல்ஸ் சுட்டிருந்தேன். தலைகால் தெரியாத சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் இருக்கும்போதுதான் முதல் போத்தலைத் திறந்தேன்.

3. டீசல் கான்

தோட்டத்தில் வேலை செய்த அன்ரன் அண்ணையைக் கூப்பிட்டேன். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரே அவர்தான். மன்னார்க்காரர், நிதானமான ஆள்.

"அண்ணை, இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

மணந்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு போத்தலை மணந்தார்.

"மண்ணெண்ணை."

"பன்னிரண்டும் அப்பிடித்தான்."

"பிள்ளை, நாங்கள் அந்த டீசல் கானை எங்கை வைச்சனாங்கள்?"

இரண்டு கிழமைக்கு முன் மழை கொட்டியபோது ட்ராக்டருக்கான டீசல் கானை வெளியே விடவேண்டாம், நிலவறைக்குள் வையுங்கள் என்று அவருக்குச் சொன்னவளே நான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான். கான் இருந்தது சரியாக அந்தப் போத்தல்களுக்குப் பக்கத்தில். மூடிய போத்தலுக்குள் மணம் எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். தக்கை மரம்தானே. குளிர்ப்பெட்டியில் கருவாட்டுக்குப் பக்கத்தில் பாலை வைத்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

"செஃபுக்குக் கோல் பண்ணுவமோ?" என்றேன்.

"திங்கள் உனக்குக் கையெழுத்து எல்லே. விசரே உனக்கு?"

அது போதும், இருவரும் வாயை மூடிக்கொண்டோம். ஹில்டேயே சொல்லியிருக்கிறார், கூடாத மணம் வந்தால் மேசைக்கு வரக்கூடாது. பன்னிரண்டும் தக்கை கெட்டது என்று சொல்லி, 2001ஆம் ஆண்டு வைனைத் திறந்து வைப்பது என்று ஏற்பாடு. மிச்சம் இருந்தது ஒரேயொரு பிரச்சினை. இந்த ஒன்பது லீற்றரை என்ன செய்வது?

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்தில் குப்பையைப் பிழையான வாளியில் போட்டு ஒரு தடவை கடிதம் வந்தது. அதன் பிறகு குப்பை பிரிப்பதில் என்னை வெல்ல ஆள் இல்லை. டீசல் கலந்ததை வடிகாலில் ஊற்றுவது இங்கே பெரிய குற்றம். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த குப்பை நாட்காட்டியைப் பார்த்தேன். வருடத்தில் இரண்டே இரண்டு தடவை வரும் நச்சுக்கழிவு வண்டி, அன்றைக்குத்தான், பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் என்று போட்டிருந்தது. மாதா கைவிடவில்லை என்று நினைத்தேன்.

ஒழுங்கு தப்பாமல் செய்தோம். பன்னிரண்டு போத்தலையும் பெரிய சூப் பானைக்குள் ஊற்றினேன். வெறும் போத்தல்களைக் கழுவி, அன்ரன் அண்ணை கொண்டுபோய்ப் பச்சைக் கண்ணாடிக்கென்று இருக்கும் குப்பை வாளிக்குள் போட்டார். பானை மூடியில் "கவனம், டீசல்" என்று டொச்சில் எழுதி ஒட்டினேன். அழகாகத்தான் எழுதினேன்.

4. சதுக்கத்தில்

பானைக்கு இந்தப் பக்கக் காதை நானும் அந்தப் பக்கக் காதை அன்ரன் அண்ணையும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் பெயின்ற் வாளியோடு ஒருவர், பழைய பற்றரிகளோடு ஒரு கிழவி. எங்கள் முறை வந்தது. செம்மஞ்சள் உடுப்புப் போட்ட அதிகாரி மூடியில் இருந்ததை வாசித்தார்.

"எவ்வளவு டீசல்?"

"கொஞ்சம்தான். மிச்சம் வைன்" என்றேன்.

மூடியைத் திறந்து குனிந்தார். உடனே நிமிரவில்லை. கையுறையைக் கழற்றினார். திரும்பவும் குனிந்தார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"இதை நான் எடுக்க ஏலாது."

"ஏன்?"

"அம்மா, இது ரீஸ்லிங்."

"டீசல் மணக்குதெல்லே?"

"மணக்கத்தானே வேணும். பழைய ரீஸ்லிங் அப்பிடித்தான் மணக்கும். நல்லதெண்டால் இன்னும் நல்லா மணக்கும். இது எந்த வருசம், தொண்ணூறோ?"

அந்த ஆள் குப்பை வண்டிக்காரர்தான், ஆனால் மோசலில் பிறந்தவர். அந்த நேரம் பார்த்து, தோட்டம் பார்த்துவிட்டு இறங்கிய செஃப், ஹில்டே, வியாபாரி அம்மா, கொலோன் விருந்தினர் இருபது பேர் எல்லாரும் சதுக்கத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். செஃப் என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், மூடியில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். நான் மறைக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், கான், மழை, கருவாடு, பச்சை வாளி எல்லாம்.

அவர் முகம் சிவந்தது. வேலை போய்விட்டது என்று எனக்கு நிச்சயம். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"போத்தல்களைக் கழுவியும் போட்டனீங்களோ?"

"ஓம்."

அதோடு ஹில்டேயும் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

5. அகப்பை

பானையை நானும் அன்ரன் அண்ணையும் திரும்பத் தூக்கினோம். பின்னால் இருபது பேரும், பெயின்ற் வாளிக்காரரும், வேலை முடிந்ததும் வருகிறேன் என்று சொன்ன அதிகாரியின் பார்வையும். மாதா சுரூபம் தூக்கிப் போகிற பவனியில் நடப்பதுபோல் இருந்தது, பாட்டு மட்டும்தான் இல்லை.

வாத்துப் பொரியலும் உலர்ந்த ப்ளம்ஸ் பழமும் வந்தபோது அந்த வைனைச் சூப் அகப்பையால் கிளாசுக்குக் கிளாஸ் பரிமாறினேன். வியாபாரி அம்மா ஒரு வாய் குடித்தார்.

"இவ்வளவு காலம் போத்தலுக்குள்ள மூச்சு முட்டிக் கிடந்த வைன். பானைக்கை ஊத்தினது நல்லதாப் போச்சு. உங்களுக்கு இந்த மணம் எப்பிடி உடனே தெரிஞ்சது?"

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம். மோட்டார் சைக்கிள்கூட மண்ணெண்ணெயில்தான் ஓடியது. தலைமயிர், சட்டை, பாடப் புத்தகம் எல்லாம் அந்த மணம். அந்த வருடம்தான் இந்தத் திராட்சை இங்கே சரிவில் பழுத்திருக்கிறது. இதைச் சொன்னபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. வியாபாரி அம்மா ஆறு வெவ்வேறு வருட ரீஸ்லிங்கை வரிசையாக ஊற்றி, லேபிளை மறைத்து, எது மூத்தது என்று கேட்டார். மண்ணெண்ணெய் மணத்தை வைத்து மூத்ததிலிருந்து இளையதுவரை அடுக்கினேன். ஒன்றுகூடப் பிழையாகவில்லை. அன்ரன் அண்ணை வாசலில் நின்று கை தட்டினார்.

6. திங்கட்கிழமை

இவ்வளவு நடந்தும் செஃப் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கள் காலை கூப்பிட்டார். மேசையில் தாள், பக்கத்தில் ஹில்டே.

"பானையிலை ஊத்தினதுக்கு எனக்குக் கோவமில்லை. மணத்தைப் பிடிச்சதுக்குச் சந்தோசம். ஆனா எங்களுக்குச் சொல்லாமல் விட்டீங்கள் பாருங்கோ, அதுதான் எனக்கு நோகுது."

எனக்கும் நொந்தது. வெட்கமாகவும் இருந்தது. கையில் பேனையை எடுத்தேன், வைத்தேன்.

"செஃப், கையெழுத்துப் போட முந்தி சொல்லவேண்டியது இன்னும் இருக்கு."

"எத்தினை?"

"மூண்டு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

"முதல்லை கையெழுத்தைப் போடுங்கோ. பிறகு சொல்லுங்கோ."

போட்டேன். அவரும் போட்டார். பிறகு சொன்னேன். ஒன்று, வைன் பம்பின் கைப்பிடியை உடைத்து, ஒட்டுநாடா சுற்றி வைத்தது. இரண்டு, ஒரு பெட்டி போத்தலுக்கு லேபிளைத் தலைகீழாக ஒட்டி, அப்படியே அனுப்பியது. மூன்று, ஹில்டேயின் கல்யாணப் பீங்கான் கோப்பையை உடைத்தது பூனை அல்ல, நான். முதல் இரண்டுக்கும் சிரித்த ஹில்டே மூன்றாவதுக்குச் சிரிக்கவில்லை. எழுந்து கதவைத் திறந்து, இரண்டு மாதமாகக் குசினிக்குள் வரவிடாமல் வைத்திருந்த பூனையை உள்ளே கூப்பிட்டார்.

சில வருடங்களில் ஆள் எடுப்பது என் பொறுப்புக்கு வந்தது. நான் செஃபிடம் கேட்ட முதல் காரியம், ப்ரோபெட்சைட்டை ஆறு மாதத்திலிருந்து ஒரு மாதமாகக் குறைக்கச் சொன்னதுதான். பயந்த ஆளிடமிருந்து உண்மை வராது. பயத்தை நாங்கள்தான் முதலில் எடுத்துவிடவேண்டும், அதற்குப் பிறகு வருவதைத் தாங்கிக்கொள்ளவும் வேண்டும். நான் எடுத்த முதல் ஆள் ஒரு போலந்துப் பெண். கையெழுத்துப் போட்ட மறுநாளே வந்து, பீப்பாய்க் குழாயை மூட மறந்ததால் நிலவறை முழுக்க வைன் நிற்கிறது என்று சொன்னாள். சொன்னதற்கு நன்றி சொன்னேன். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, தமிழில் நன்றாகக் கத்திவிட்டு, முகம் கழுவி வெளியே வந்து, அவளோடு சேர்ந்து நிலவறையைத் துடைத்தேன்.