இருட்டுது, இருட்டிடுச்சு

தச்சருக்குப் பட்டறையில் வைத்த பெயர் உம்கொட்டி. யார் எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'. அவருக்கும் சேர்த்துப் பேச மனைவி இருந்தாள். பல் வலி அவருக்கு, அதை மருத்துவரிடம் விவரிப்பது அவள். எந்தப் பல் என்று வாயைத் திறந்து காட்டுவது மட்டும்தான் அவர் வேலை. கல்யாணமான நாள் முதல் இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

அன்று தேநீர் குடித்துவிட்டு வந்து, கதவுச் சட்டம் ஒன்றைத் தூக்கி, வளைவு இருக்கிறதா என்று வழக்கம்போல் இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சட்டத்தைக் காணோம். பட்டறையையே காணோம். இடக்கண்ணைத் திறந்தார், எல்லாம் இருந்தது. மூடினார், ஒன்றுமில்லை. மரத்தூளாக இருக்கும் என்று குழாயடிக்குப் போய்க் கழுவினார். வலி இல்லை, உறுத்தல் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"கண்ணு இருட்டுது" என்றார் மச்சினனிடம்.

பட்டறையை நடத்துகிற மச்சினன் உளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "அய்யய்யோ, விழுந்துடாதீங்க அத்தான்! உட்காருங்க!" ஒருவர் தம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார். பலகைமேல் படுக்க வைத்துக் காலுக்கு அடியில் சாக்கு மூட்டையைத் திணித்தார்கள். ஃபோன் போய், மூச்சிரைக்க மனைவியும் வந்து சேர்ந்தாள்.

"வெறும் வயித்தோட ஓடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா? இப்ப மயக்கம் வந்து கெடக்காரு."

"மயக்கம் இல்ல…" என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. தெம்பு போயிடும்."

அவர் கூரையில் தொங்கிய பல்பைப் பார்த்தபடி ஒரு கண்ணை மூடினார், இன்னொன்றை மூடினார். பல்பு இருந்தது. பல்பு இல்லை. இவர்கள் சொல்வதுபோல் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நம்பிப் பார்த்தார். விசிறிவிட்டார்கள். இன்னொரு தம்ளர் வந்தது. பல்பு இல்லை. விருட்டென்று எழுந்தார்.

"ஆஸ்பத்திரி."

அவசரப் பிரிவு வாசலில் மேசை போட்டு ஒரு நர்ஸ் இருந்தாள். "என்ன பண்ணுது?" என்று அவரைத்தான் கேட்டாள். பதில் மனைவியிடமிருந்து வந்தது.

"கண்ணு இருட்டி மயக்கம் வந்துடுச்சும்மா. காலைல ஒண்ணும் சாப்பிடல."

"இப்ப தெளிவா இருக்காரே. உட்காருங்க, கூப்பிடுறோம்."

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு கூட்டம். இருமுகிறவர்கள், கையில் கட்டுப் போட்டவர்கள், தூங்குகிறவர்கள். மனைவி இடம் பிடித்து, "வாங்க, இங்க" என்று தட்டிக் காட்டினாள். அவர் மேசையை விட்டு நகரவில்லை.

"இருட்டுது இல்லம்மா. இருட்டிடுச்சு. இந்த ஒரு கண்ணு. ஒண்ணுமே தெரியல." குரல் அவருக்கே அந்நியமாக, உரக்க வந்தது.

"நான்தான் சொல்லிட்டேனே…"

"நீ சொன்னது தப்பு."

நர்ஸ் அவருடைய இடக்கண்ணை உள்ளங்கையால் மூடி, விரல்களை ஆட்டினாள். பிறகு டார்ச் அடித்தாள். அடுத்த நிமிடம் சக்கர நாற்காலி வந்தது.

மருத்துவர் கண்ணுக்குள் பார்த்துவிட்டு வேகமாகப் பேசினார். "கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கற திரைக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. ரத்தம் இல்லேன்னா ஆக்சிஜன் இல்ல. அங்க இருக்கற நரம்பு செல்லெல்லாம் இப்ப மூச்சுமுட்டிக்கிட்டு இருக்கு. செத்துட்டா திரும்ப வராது. கடைசியா இந்தக் கண்ணு எப்ப நல்லாத் தெரிஞ்சுது?"

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரியாது.

"தேநீருக்கு முந்தி ஒரு சட்டம் பார்த்தேன், தெரிஞ்சுது. இந்தக் கண்ணாலதான் பார்ப்பேன். வந்து அடுத்ததை எடுத்தேன், தெரியல."

"அப்ப இன்னும் நேரம் இருக்கு. தலையை ஸ்கேன் பண்ணிட்டு, அடைப்பைக் கரைக்கற மருந்து ஊசில ஏத்தலாம். ஆனா அது மூளையில ரத்தக்கசிவு உண்டாக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஏத்தினாலும் பார்வை வரும்னு உறுதி சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்."

தச்சர் மனைவியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஏத்துங்க" என்றார்.

ஸ்கேன் முடிந்து மருந்து ஏறியது. சொட்டுச் சொட்டாக விழுவதை மனைவிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அடிக்கடி வந்து பேர் கேட்டாள், கையைத் தூக்கச் சொன்னாள், இடக்கண்ணை மூடி "என்ன தெரியுது?" என்றாள். ஒன்றுமில்லை. மறுபடி ஒன்றுமில்லை. வெளியே வெயில் சாயும்போது வந்தவள் கண்ணை மூடியதும் அவர் தலையைச் சற்றுத் திருப்பினார்.

"ஓரமா… ஏதோ அசையுது."

"எத்தனை விரல்?"

"எண்ண முடியல. ஆனா அசையுது."

மருத்துவர் வந்து பார்த்தார். "நடுப்பார்வை வருமான்னு இப்ப சொல்ல முடியாது. ஓரத்துல கொஞ்சம் பிழைச்சிருக்கு" என்றார்.

அவர் போனதும் மனைவி மெல்லக் கேட்டாள். "எந்த ஓரம்?"

தச்சர் கையைக் காட்டினார். அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.