தம்மில் திறந்த பைன் காய்

கொடைக்கானல் போனால் எல்லோரும் சாக்லேட்டும் தைலமும் வாங்கி வருவார்கள். என் மனைவி இரண்டு பைன் காய்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கடைகளில் விற்கிற விரிந்த காய்கள் அல்ல. காற்றில் முறிந்து சாலையோரம் கிடந்த கிளையிலிருந்து பறித்தவை; செதில்கள் இறுக மூடியிருந்தன.

அவள் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். "இந்த வகைக் காய் பிசின்ல ஒட்டிக்கிட்டு வருஷக்கணக்கா மூடியே கிடக்கும். காட்டுத் தீ சூடு பட்டாத்தான் நல்லா திறக்கும்" என்றாள் பஸ்ஸில். எங்கள் ஊரான ராஜகீழ்ப்பாக்கம் வந்து சேரும்வரை எனக்கு அதே நினைப்பு.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு காயை இடுக்கியில் பிடித்து காஸ் அடுப்பில் காட்டினேன். பிசின் குப்பென்று பற்றிக்கொண்டது. சமையலறை முழுக்கக் கரும்புகை. அணைத்து உடைத்துப் பார்த்தால் விதையெல்லாம் கரி.

தலையில் துண்டோடு ஓடிவந்தவள் திட்டவில்லை, பாடம் எடுத்தாள். "தீ ஒரே இடத்துல நின்னு எரிஞ்சா விதையும் செத்துடும். வேகமா கடந்து போனா பிசின் மட்டும் உருகும், விதை தப்பிச்சுக்கும்."

"அப்ப நான் அடுப்பத் தூக்கிக்கிட்டு ஓடணுமா?"

அதற்குள், விசேஷங்களுக்கு பிரியாணி செய்து கொடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வூட்ல இன்னா கருகுது?"

விஷயத்தைச் சொன்னோம். சிரித்தார். "அவ்ளோதானா? நம்ம தம் எதுக்கு கீது? மிச்ச காய இப்டி குடுங்க டீச்சர்."

அன்று மதியம் அவர் வீட்டு முற்றத்தில் பிரியாணி தேக்சாவின் மூடிமேல் நெருப்புக் கங்குகளைப் பரப்பி, ஓரத்தில், கங்கு படாத இடமாகப் பார்த்துக் காயை வைத்தார். நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் டிக், டிக் என்று சத்தம். செதில்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. என் மனைவி பாடம் எடுப்பதை மறந்து கைதட்டினாள். இடுக்கியால் எடுத்து ஆறவைத்துத் தட்டினால், மெல்லிய இறக்கை வைத்த விதைகள் உதிர்ந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. பாதி விதை முற்றமெங்கும் பறந்தது. ஒன்று தயிர்ப் பச்சடியில் போய் விழுந்தது.

"ஐயோ, ஆர்டர் பச்சடி!" என்று அக்கா கரண்டியோடு பாய்ந்தார்.

கிடைத்ததை இரண்டு தொட்டிகளில் விதைத்தோம். இலைச்சருகும் மக்கிய உரமும் போட்டு நான் செல்லமாகத் தயார் செய்த தொட்டியில் பூஞ்சைதான் வந்தது. வெறும் மண்ணில் அக்காவின் அடுப்புச் சாம்பலைக் கொஞ்சமாகத் தூவிய தொட்டியில் மூன்று முளைத்தன. சருகெல்லாம் எரிந்துபோன தரையில்தான் பைன் விதைக்கு மண் எட்டும் என்றாள் மனைவி. நாற்றுகள் முதலில் விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு நின்றன; பிறகு அதை உதிர்த்து, ஊசி இலைகளைக் குடைபோல விரித்தன.

அக்னி வெயிலில் இரண்டு வாடிப் போயின. பிடுங்கி எறிய மனசில்லாமல் அந்தக் காய்ந்த குச்சிகளை மனைவி சில நாள் வைத்திருந்தாள். மூன்றாவது நாற்று மட்டும், தொட்டியை ஜன்னலோர நிழலுக்கு மாற்றியபின், விரல் உயரத்துக்கு வந்துவிட்டது.

நேற்று அக்கா குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது வளர்றதுக்கும் நெருப்பு வெக்கணுமா டீச்சர்?"

"வேணாம்க்கா. இப்ப தண்ணி போதும்."